கேட்டது ஒன்று, வேண்டியது வேறு: பேசுபவரின் நோக்கத்தைக் கணினி தேடத் தொடங்கியபோது

ரங்கூன் மத்திய ரயில் நிலைய வாசலில் பீடாக் கடை போட்டிருக்கும் ஒரு தமிழரை எண்ணிக்கொள்ளுங்கள். மூட்டையும் கையுமாக வரும் ஒருவர், "அண்ணே, இன்செய்ன் ரயில்?" என்கிறார். "ஆறாவது பிளாட்பாரம். சீக்கிரம் போங்க, பத்து நிமிஷந்தான் இருக்கு" என்கிறார் கடைக்காரர். கேட்டவர் வாயிலிருந்து வந்தது ரயிலின் பெயர் மட்டும். அதில் வினைச்சொல்லும் இல்லை, கேள்விச்சொல்லும் இல்லை. கடைசியில் குரல் ஏறியதால்தான் அது கேள்வி என்றே தெரிகிறது. பதிலிலோ இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, விரைந்து போகச் சொல்லும் அறிவுரையும் இருக்கிறது. அவர் இவற்றில் எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லாமே அவருக்கு வேண்டியவை.

இந்தப் பேச்சைக் கணினி நடத்த வேண்டுமானால் அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும்? 1970களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சிலர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் தேர்ந்துகொண்ட களமும் ரயில் நிலைய விசாரணைக் கூண்டுதான். இன்று கட்டப்படும் தானியங்கி விசாரணைச் சேவைகளில் பல, வரும் வாக்கியத்துக்கு 'இன்டென்ட்' (நோக்க வகை) என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு அதற்கென எழுதி வைத்த பதிலைத் தருகின்றன. டொராண்டோக்காரர்கள் தேடியது அந்தச் சீட்டையல்ல. பேசுபவர் எதைச் சாதிக்கப் பார்க்கிறார், அதில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறார் என்பதைத் தேடினார்கள். இன்றைய சேவைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களில் பலவற்றை அவர்கள் அன்றைக்கே பெயர் வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

அதற்கு முன் என்ன இருந்தது

1954 ஜனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டின. கைவசம் இருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும். ஒரு வாக்கியத்தை யார் எதற்காகச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. 1961இல் வந்த பேஸ்பால் என்ற நிரல் விளையாட்டுப் புள்ளிவிவரக் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். வந்த வாக்கியத்தில் முக்கியச் சொல்லைத் தேடுவது, அதையொட்டி வாக்கியத்தை வெட்டுவது, 'நான்' வரும் இடத்தில் 'நீ' போட்டுத் திருப்பி ஒட்டுவது, இவ்வளவுதான் அதன் வேலை. முக்கியச் சொல் எதுவும் சிக்காவிட்டால் "மேலே சொல்லுங்கள்" என்ற ரகத்தில் ஒரு பொதுப் பதில் போகும். ஆனாலும் மனிதர்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசினார்கள். புரிந்துகொள்ளாமலேயே புரிந்ததுபோல் நடிக்க முடியும் என்பதற்கு அதைவிட மலிவான நிரூபணம் அதுவரை இருக்கவில்லை. வைசன்பாமே பின்னாளில் இதைக் கண்டு கலங்கி எழுதினார்.

டெரி வினோகிராட் 1970 வாக்கில் எம்ஐடியில் முடித்த ஷ்ருட்லு என்ற நிரல் வேறு தரத்தில் நின்றது. மேசைமேல் வண்ணக் கட்டைகள், பிரமிடுகள், ஒரு பெட்டி. இவை அனைத்தும் கணினித் திரையில் மட்டும் இருந்த உலகம். "பெரிய சிவப்புக் கட்டையை எடு" என்றால், அதன்மேல் இருப்பதை முதலில் இறக்கி வைத்துவிட்டு எடுக்கும். "அந்தக் கட்டையின் மேலிருந்ததை ஏன் இறக்கினாய்?" என்று கேட்டால் தன் காரணத்தைச் சொல்லும். தன் செயல் எதற்காக என்று அதற்குத் தெரிந்திருந்தது. எதிரே தட்டச்சு செய்பவர் அந்தக் கட்டையை ஏன் கேட்கிறார் என்ற எண்ணம் மட்டும் அதற்கு ஒருபோதும் எழவில்லை. 1971இல் பிபிஎன் நிறுவனத்தின் வில்லியம் வுட்ஸ், நிலவுப் பாறைகளின் வேதிப் பகுப்பாய்வைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் லூனார் அமைப்பை நிலவியல் அறிவியலாளர்கள் முன் இயக்கிக் காட்டினார். அவர்கள் கேட்ட 111 கேள்விகளில் 78 சதவீதத்துக்கு அது சரியாகப் பதில் தந்தது. அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனைதான். ஆனால் கேள்வி எப்படி வந்ததோ, பதிலும் அப்படியே போனது.

எழுத்துக்கு எழுத்து சரியாகப் பதில் சொல்வது ஏன் போதாது என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் காப்லன் ஓர் எளிய உதாரணத்தால் காட்டினார். குறிப்பிட்ட பருவத்தில் குறிப்பிட்ட பாடத்தில் தோற்ற மாணவர்கள் யார் என்று தரவுத்தளத்தைக் கேட்டால் "யாரும் இல்லை" என்று பதில் வருகிறது. உண்மை என்னவென்றால் அந்தப் பருவத்தில் அந்தப் பாடமே நடத்தப்படவில்லை. பதில் பொய்யில்லை, ஆனால் கேட்டவர் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு போவார். கேள்வி தன்னோடு சுமந்துவரும் நம்பிக்கையைச் சரிபார்த்து, அது தவறென்றால் அந்தத் தவறைச் சொல்வதே உதவி. காப்லனின் கோஆப் என்ற அமைப்பு அதைச் செய்தது.

பேச்சும் ஒரு செயல்

இரண்டு வெவ்வேறு துறைகள் சந்தித்ததால்தான் அடுத்த அடி சாத்தியமானது. ஒன்று தத்துவம். ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சொல்வதே செய்வதாகும் தருணங்களைப் பட்டியலிட்டார். வாக்குக் கொடுப்பது, பந்தயம் கட்டுவது, கப்பலுக்குப் பெயர் சூட்டுவது. ஜான் சர்ல் 1969இல், ஒரு வேண்டுகோள் வேண்டுகோளாக நிற்க எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று வரையறுத்தார். சொல்லின் பொருளுக்கும் சொல்பவர் கருதும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பால் கிரைஸ் 1957இலேயே அலசியிருந்தார். கேட்பவர் தன் நோக்கத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதும் பேசுபவரின் நோக்கத்தில் அடங்கும் என்பது அவர் வாதம்.

இன்னொன்று ரோபோ ஆய்வு. எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் ஃபைக்ஸ், நில்சன் இருவரும் 1971இல் ஸ்ட்ரிப்ஸ் என்ற திட்டமிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அறைக்கு அறை பெட்டி தள்ளும் ஷேக்கி என்ற ரோபோவுக்கான முறை அது. ஒவ்வொரு செயலுக்கும் அதைச் செய்யுமுன் உண்மையாக இருக்க வேண்டியவை, செய்தபின் புதிதாக உண்மையாகுபவை, செய்தபின் பொய்யாகிவிடுபவை என்று மூன்று பட்டியல்கள் எழுதி வைத்தால் போதும். இலக்கைக் கொடுத்தால், அதிலிருந்து பின்னோக்கி நடந்து எந்தச் செயலுக்குப்பின் எது என்று கணினியே வரிசைப்படுத்திக்கொள்ளும்.

டொராண்டோவில் பிலிப் கோஹெனும் அவருடைய ஆசிரியர் ரே பெரோவும் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். பெட்டியைத் தள்ளுவது ஒரு செயல் என்றால், ஒருவரிடம் ஒன்றைச் சொல்வதும் செயல்தானே? அதற்கும் முன்நிபந்தனையும் பலனும் எழுதிவிடலாம். 'தெரிவி' என்ற செயலுக்கு முன்நிபந்தனை, சொல்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது. பலன், கேட்பவருக்கும் அது தெரியவரும். 'வேண்டிக்கொள்' என்ற செயலின் பலன், கேட்பவர் அந்தக் காரியத்தைச் செய்ய விரும்புவார். பெட்டி நகரும் இடத்தில் இங்கே ஒருவர் மனதிலுள்ள நம்பிக்கை நகர்கிறது. கோஹென் 1978 ஆய்வேட்டுக்காக எழுதிய ஆஸ்கர் என்ற நிரல், யாரிடம் எதைச் சொன்னால் அல்லது கேட்டால் தன் காரியம் நடக்கும் என்று திட்டமிட்டது. இருவரும் இதை 1979இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஆஸ்கர் பேசுபவரின் பக்கத்திலிருந்து யோசித்தது. கேட்பவரின் பக்கம்தான் கடினமான பக்கம். திட்டம் அடுத்தவர் தலைக்குள் இருக்கிறது, நம் காதில் விழுவது அதன் ஒரு துணுக்கு. அதிலிருந்து முழுத் திட்டத்தையும் மீட்டெடுக்க வேண்டும். அதே துறையில் ஜேம்ஸ் ஆலன் 1979இல் முடித்த ஆய்வேடும், அவரும் பெரோவும் 1980இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையும் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டன.

கூண்டுக்குள் நடப்பது என்ன

ஆலன் தன் உலகத்தை வேண்டுமென்றே சிறிதாக வெட்டிக்கொண்டார். விசாரணைக் கூண்டுக்கு வருபவருக்கு இரண்டே நோக்கங்கள்தான் இருக்க முடியும். புறப்படும் ரயிலில் ஏற வேண்டும், அல்லது வந்திறங்கும் ஒருவரை வரவேற்க வேண்டும். இந்த இரண்டும் எதிர்பார்ப்புகளாக, வெற்றிடங்களுடன், எப்போதும் தயாராக இருக்கும். ஆள் யார், எந்த ரயில், எந்த நேரம், எந்த இடம் என்பவை நிரப்பப்பட வேண்டிய வெற்றிடங்கள்.

பீடாக் கடைக்கு வருவோம். "கன்பே ரயில் எப்போண்ணே?" என்று ஒருவர் கேட்கிறார். கணினி கீழிருந்து மேலே ஏறத் தொடங்குகிறது. வாக்கியத்தின் மேற்பரப்பு வடிவம் ஒரு வேண்டுகோள்: கன்பே ரயிலின் நேரத்தை எனக்குத் தெரிவி. அந்த வேண்டுகோளின் பலன், கடைக்காரர் தெரிவிக்க விரும்புவார். தெரிவித்தலின் பலன், கேட்டவருக்கு நேரம் தெரியும். இங்கே ஆலன் ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் ஒரு மதிப்பைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அந்த மதிப்பு தேவைப்படும் ஏதோ ஒரு செயலைச் செய்ய விரும்புகிறார் என்று ஊகிக்கலாம். நேரம் எந்தச் செயலுக்குத் தேவை? ஏறுவதற்கும் தேவை, வரவேற்பதற்கும் தேவை. மேலிருந்து எதிர்பார்ப்புகள் இறங்கிவர, கீழிருந்து ஊகச் சங்கிலி ஏறிப்போக, இரண்டும் எங்கே கைகோக்கின்றனவோ அங்கே ஒரு திட்டம் உருவாகிறது.

இந்த விதிகள் எதுவும் கறாரான தர்க்கமல்ல. 'அவர் இதை விரும்பலாம்' என்ற அளவில்தான் ஒவ்வோர் அடியும் நிற்கிறது. ஆகவே ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரு மதிப்பெண். கிளை பிரியும்போது மதிப்பெண் பங்கிடப்படும். 100 என்று வைத்துக்கொண்டால், ஒன்றையொன்று விலக்கும் இரண்டு கிளைகளுக்கும் 50, 50. செயலின் பலன் ஏற்கெனவே நிறைவேறியிருந்தால் அந்தக் கிளையின் மதிப்பெண் சரியும், ஏனென்றால் நடந்து முடிந்ததை யாரும் மறுபடி செய்ய முயல்வதில்லை. முன்நிபந்தனை நிறைவேறாத செயலானாலும் சரியும். பேச்சில் வந்த பொருளும் எதிர்பார்ப்பின் வெற்றிடமும் பொருந்தினால் ஏறும். ஒவ்வொரு கட்டத்திலும் அதிக மதிப்பெண் உள்ள கிளைதான் மேற்கொண்டு வளரும். எங்கே தேடலை நிறுத்துவது என்பதையும் இதே மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. ஒரு கிளை மற்றவற்றைவிடத் தெளிவாக மேலே நின்றால் அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டு சமமாக நின்றால் எதிர்க்கேள்வி கேட்கும். ஆலனும் பெரோவும் காட்டிய உரையாடல்களில் ஒன்றில், வின்ட்சர் ரயில் எப்போது என்று பயணி கேட்க, எழுத்தர் "வின்ட்சருக்குப் போகும் ரயிலா?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு நேரத்தைச் சொல்கிறார்.

ஆங்கிலத்தில் 'வின்ட்சருக்கு', 'வின்ட்சரிலிருந்து' என்பதைக் காட்டும் முன்னிடைச்சொல் வந்தால், ஏறுவதா வரவேற்பதா என்ற சிக்கல் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தமிழ்ப் பேச்சில் நிலைமை வேறு. "இன்செய்ன் ரயில்", "கன்பே ரயில்" என்று வேற்றுமை உருபு இல்லாமல் ஒட்டிச் சொல்வதே வழக்கம். வினை வந்தாலும் முழுதாகக் கைகொடுக்காது. "இன்செய்ன் ரயில் வந்துடுச்சா?" என்று வரவேற்க வந்தவரும் கேட்பார், ஏறக் காத்திருப்பவரும் கேட்பார். ஆகவே தமிழுக்கு இத்தகைய அமைப்பு எழுதுபவர், மொழிக் குறிகளை மட்டும் நம்பாமல் மற்றச் சான்றுகளுக்கும் மதிப்பெண் வைத்தாக வேண்டும். கையில் மூட்டை இருப்பதை மனிதர் கண்ணால் பார்த்துவிடுகிறார், தொலைபேசி வழிச் சேவைக்கு அது கிடையாது. அந்த நேரத்தில் புறப்பட ரயில் இருக்கிறதா, வந்து சேர ரயில் இருக்கிறதா என்ற கால அட்டவணை மட்டுமே அதற்குக் கிடைக்கும் துணை.

பர்மியத் தமிழரின் பேச்சில் இன்னொரு அடுக்கும் உண்டு. வாக்கியம் தமிழில் தொடங்கி பர்மிய மொழியில் முடியும், அல்லது மாறி நடக்கும். மேற்பரப்பு வடிவத்தைக் கண்டுபிடிக்கும் பகுதிக்கு இது ஒருவகையில் வசதி. தமிழின் ஆம்-இல்லைக் கேள்வி 'ஆ' என்று முடிகிறது, பர்மிய மொழியில் 'லா' என்று முடிகிறது. எது, எங்கே, எப்போது என்ற வகைக் கேள்விகள் பர்மிய மொழியில் 'லே' என்று முடியும். வாக்கியத்தின் கடைசி அசையைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதைத் தாண்டி மேலே போனால், திட்டத்துக்கு மொழியே கிடையாது. ரயிலில் ஏறும் செயலின் முன்நிபந்தனைகள், எந்த மொழியில் கேட்டாலும் அவையேதான்.

ஆம்-இல்லை வடிவத்தில் வந்தாலும் அது ஆம்-இல்லைக் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதில்லை. டீக்கடையில் "டீ இருக்கா?" என்றாலும் "லபெயெ ஷி லா?" என்றாலும், "இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கும் பையனுக்கு வேலை நிலைக்காது. "அக்கா, மிங்கலாடோன் ரயில் எப்போன்னு தெரியுமா?" என்ற கேள்வியும் அப்படித்தான். ஆலனின் அமைப்பு இதற்கெனத் தனி விதி எழுதவில்லை என்பதுதான் அதன் அழகு. கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்புவது, எதிரே இருப்பவருக்கு நேரம் தெரியுமா என்பது. அது எதற்கு? தெரிந்திருப்பது தெரிவித்தலின் முன்நிபந்தனை. முன்நிபந்தனையை ஒருவர் விசாரித்தால் அந்தச் செயல் நடக்க வேண்டும் என்று விரும்புகிறார் என ஊகிக்கலாம். ஆக, நேரத்தைச் சொல்லச் சொல்கிறார். நேரடியாகக் கேட்டவருக்கு ஓடிய அதே சங்கிலிதான் இங்கும் ஓடுகிறது, ஓர் அடி கூடுதலாக. பணிவாகச் சுற்றிவளைத்துப் பேசுவதை விதிவிலக்காக வைக்காமல் பொதுவிதிக்குள்ளேயே கொண்டுவந்தது இந்த ஆய்வின் மிகப்பெரிய வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

கேட்காததையும் சொல்வது எப்படி? திட்டம் கைக்கு வந்தபின் கணினி அதன் ஒவ்வொரு படியையும் சோதிக்கும். கேட்டவர் தாமாகச் செய்துகொள்ள முடியாத படி எது? ஏற வேண்டுமானால் பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும், அதற்கு எது பிளாட்பாரம் என்று தெரிய வேண்டும், அது அவருக்குத் தெரியும் என்று நம்பக் காரணம் இல்லை. அது ஒரு தடை. நேரம் இன்னொரு தடை. தடைகளை நீக்குவதே பதில். நேரத்தை மட்டும் கேட்டவருக்கு இடத்தையும் சேர்த்துச் சொல்வதும், "இன்செய்ன் ரயில்?" என்ற துணுக்குக்கு முழுப் பதில் தருவதும் இதிலிருந்தே வருகின்றன. பர்மிய எண்களை வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி வந்து நின்றால் தடைகளின் பட்டியலில் இன்னொன்று சேரும். "ஆறாவது" என்று சொல்வது அவருக்குப் பதிலாகாது. "படி ஏறி எறங்குனதும் வலது பக்கம், பாட்டி" என்பதுதான் பதில். "ரயில் போயிடுச்சா?" என்பதற்கு "போயிடுச்சு" என்று முடித்துவிட்டால் திட்டம் உடைந்த இடத்திலேயே அவரை விட்டுவிடுகிறோம். அடுத்த ரயில் எப்போது என்பதுதான் இப்போதைய தடை.

எங்கெங்கே உடைந்தது

முதலாவது, கிளைகளின் பெருக்கம். இரண்டு நோக்கங்கள் இருந்தவரை மதிப்பெண் பங்கீடு தாங்கியது. நோக்கம் நூறானால் 'நேரம் தெரிய வேண்டும்' என்ற ஒரே புள்ளியிலிருந்து நூறு செயல்கள் கிளைக்கும், ஒவ்வொன்றும் இன்னும் பத்துக்கு முன்நிபந்தனையாக இருக்கும். மதிப்பெண் துண்டுதுண்டாகி எதுவும் தேறாது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹென்றி கவுட்ஸும் ஆலனும் 1986இல் இதற்கு வேறொரு வழி பார்த்தார்கள். செயல்களை வகை, உட்பகுதி என்று படிநிலையாக அடுக்கிவிட்டு, கண்ணில் பட்ட செயல்கள் அனைத்தையும் மிகக் குறைந்த உச்சநோக்கங்களால் விளக்குவது. சமையலறையில் ஒருவர் நூடுல்ஸை வேகவைப்பதையும் சாறு கூட்டுவதையும் பார்த்தால், இரண்டு தனி வேலை என்பதைவிட ஒரே சாப்பாடு என்பது சிக்கனமான விளக்கம். கணிதமாக இது திடமானது. ஆனால் எல்லாத் திட்டங்களும் படிநிலைக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத நோக்கத்தோடு வருபவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

இரண்டாவது, செலவு. ஸ்ட்ரிப்ஸ் பாணிச் செயலில் பலன் உண்டு, அதை அடைய ஆகும் சிரமம் கிடையாது. டொராண்டோவின் வின்ட்சர் ரயிலுக்கு அது பெரிய குறையில்லை. ரங்கூன் சுற்று ரயிலில் வைத்துப் பாருங்கள். சுமார் 46 கிலோமீட்டர் வட்டம், 39 நிலையங்கள், இரண்டு திசையிலும் ரயில் ஓடும் பாதை. மத்திய நிலையத்திலிருந்து மேற்கே கெமண்டைன், லேடான் வழியாகப் போனாலும் இன்செய்ன் வரும். கிழக்கே தாமுவே, கன்பே, மிங்கலாடோன் என்று வட்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றினாலும் இன்செய்ன் வரும். முன்நிபந்தனையும் பலனும் மட்டும் தெரிந்த கணினிக்கு இரண்டு ரயிலும் சமம், முதலில் புறப்படுவதைச் சொல்லிவிடும். கிழக்குப் பக்க ரயில் ஐந்து நிமிடம் முன்னால் புறப்பட்டால் பயணி அதில் ஏறி வெகுநேரத்தைத் தொலைப்பார். ஒவ்வொரு செயலுக்கும் நேரச் செலவை எழுதி, இலக்கை அடையும் மொத்த நேரத்தை ஒப்பிட்டால்தான் இது சரியாகும். மேற்குப் பக்க ரயில் அன்று ஓடவில்லை என்றால் கிழக்குச் சுற்றையும் சொல்லத்தான் வேண்டும், ஆகவே அதை ஒரேயடியாக வெட்டிவிடவும் கூடாது.

மூன்றாவது, நம்பிக்கைகளின் அடுக்கு. வகுப்பில் ஆசிரியர் "இன்செய்ன் எந்தத் திசை?" என்று கேட்டால், விடை தெரிந்துகொண்டே கேட்கிறார். கடை வாசலில் கேட்பவர் தெரியாமல் கேட்கிறார். வாக்கியம் ஒன்றுதான், வித்தியாசம் முழுக்க, அவருக்கு என்ன தெரியும் என்று நான் நினைக்கிறேன் என்பதில் இருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அவர் நினைக்கிறாரா என்பது அடுத்த அடுக்கு. அவர் அப்படி நினைப்பது எனக்குத் தெரியும் என்பது அதற்கடுத்தது. தத்துவப்படி இது முடிவற்று நீளும், கணினி நினைவகமோ நீளாது. கோஹெனின் தீர்வு கச்சிதமானது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு தனித் தரவுத் தொகுதி, குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் அடுக்குகள் ஒன்றுபோலவே இருந்தால் கடைசித் தொகுதியின் சுட்டியை (அடுத்த தொகுதி எங்கே என்று காட்டும் குறியை) முந்தைய தொகுதிக்கே திருப்பிவிடுவது. முடிவிலி ஒரு வளையமாகிவிடுகிறது.

நான்காவதுதான் நடைமுறையில் அதிகம் கடிக்கிறது. கேட்பவரின் திட்டம் சரியானது என்றே இந்த அமைப்புகள் எடுத்துக்கொண்டன. மார்த்தா போலாக் 1986இல் இந்த அடித்தளத்தை அசைத்தார். கேத்தியோடு பேச வேண்டும், மருத்துவமனையின் தொலைபேசி எண் தெரியுமா என்று ஒருவர் கேட்கிறார். கேத்தி ஏற்கெனவே வீடு திரும்பிவிட்டார், வீட்டு எண் இது என்பது நல்ல பதில். மருத்துவமனை எண்ணைச் சொல்வது கேட்டதற்குச் சரியான பதில், அவருடைய காரியத்துக்குத் தவறான பதில். பழைய முறையில், மருத்துவமனையை அழைத்தால் கேத்தியோடு பேச முடியாது என்பது கணினிக்குத் தெரிந்துவிட்டால், அந்தத் திட்டமே கேட்டவர் மனதில் இருக்க முடியாது என்று தள்ளிவிடும். போலாக் திட்டத்தை இரண்டு விதமாகப் பிரித்தார்: செய்முறையாக வைத்திருக்கும் திட்டம், மனநிலையாக வைத்திருக்கும் திட்டம். கேட்பவர் நம்புவதையும் தான் நம்புவதையும் தனித்தனியாக எழுதி, எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்த்தால் எதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்பது தெரியும். விசாரணைச் சேவை கட்டும் எவருக்கும் இதை முதல் பாடமாக வைக்கலாம். விசாரிக்க வருபவர்களில் கணிசமானவர்கள் தவறான தகவலோடுதான் வருகிறார்கள், அதனால்தானே வருகிறார்கள்.

நீளும் உரையாடல்

ஒற்றைக் கேள்வி-பதிலைத் தாண்டியதும் வேறொரு சிக்கல். எஸ்ஆர்ஐயில் பார்பரா கிராஸ், காற்றழுத்தி ஒன்றைப் பிரித்துப் பூட்டும் ஒருவருக்கும் அவருக்கு வழிகாட்டும் நிபுணருக்கும் நடந்த உரையாடல்களைப் பதிவுசெய்து 1977இல் ஆராய்ந்தார். வேலை எப்படிப் பகுதி பகுதியாகப் பிரிகிறதோ, பேச்சும் அப்படியே பிரிந்தது. 'அது' என்ற சொல் சற்றுமுன் பேசிய பொருளைக் குறிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு துணைவேலை முடிந்ததும், வெகுநேரத்துக்கு முன் பேசிய முதன்மைப் பொருளுக்கே அது தாவிவிடும். கிராஸும் கேண்டஸ் சிட்னரும் 1986இல் இதைக் கோட்பாடாக்கினார்கள். உரையாடலுக்குச் சொற்களின் அமைப்பு, நோக்கங்களின் அமைப்பு, கவனம் நிற்கும் இடம் என்று மூன்று அடுக்குகள். ஒரு நோக்கம் இன்னொன்றின் பகுதியாக இருக்கலாம், அல்லது இன்னொன்றுக்கு முன் முடிந்தாக வேண்டியதாக இருக்கலாம். கவனம் ஓர் அடுக்கி போல இயங்கும். துணைநோக்கம் தொடங்கினால் மேலே ஒரு தட்டு ஏறும், முடிந்தால் இறங்கும். "எத்தனாவது பிளாட்பாரம்னு சொன்னீங்க?" என்ற இடைக்கேள்வி பயணத் திட்டத்தின் படியல்ல, உரையாடலைப் பற்றியே கேட்கும் கேள்வி. டயான் லிட்மனும் ஆலனும் 1987இல் இவற்றுக்கெனத் திட்டங்களைப் பற்றிய திட்டங்களை எழுதினார்கள்.

1990களில் காற்று திசைமாறியது. பழைய அமைப்புகள் தட்டச்சு செய்த சுத்தமான வாக்கியங்களில், அதை எழுதியவர்களே தேர்ந்த உதாரணங்களில் ஓடிக்காட்டின. ஒலிப்பதிவிலிருந்து வரும் தடுமாற்றமான பேச்சை அளந்து ஒப்பிட அவற்றிடம் வழியில்லை. புள்ளியியல் முறை அளந்து காட்டியது. ஆண்ட்ரியாஸ் ஸ்டோல்க்கேயும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சுவிட்ச்போர்டு என்ற தொகுப்பிலுள்ள தொலைபேசி உரையாடல்களின் ஒவ்வொரு கூற்றையும் 42 வகைகளில் ஒன்றாக அடையாளம் கண்டது நிரல். கையால் எழுதியெடுத்த சொற்களில் 71 சதவீதம் சரி, கணினியே கேட்டெழுதிய சொற்களில் 65 சதவீதம். மனிதர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போன அளவு 84 சதவீதம். எண் கிடைத்தது, முன்னேற்றத்தைக் காட்ட முடிந்தது. அதே மூச்சில், கூற்றின் வகை தெரிந்தால் போதும் என்ற எண்ணமும் நிலைபெற்றது. அது கேள்வி என்று கண்டுபிடிப்பது ஒன்று, ஏன் கேட்கிறார் என்பது வேறு.

ரங்கூனில் ஒரு மருத்துவ உதவி மையமோ கோயில் மண்டபமோ தமிழில் தானியங்கி விசாரணை வைக்க நினைத்தால், ஆயிரக்கணக்கான பர்மியத் தமிழ் உரையாடல்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது நடக்கிற காரியமில்லை. திட்டவழி முறையோ சிறிய களத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மண்டபத்துக்கு வரும் நோக்கங்களை எண்ணிப் பாருங்கள்: மண்டபம் பிடிப்பது, பிடித்ததை மாற்றுவது, அங்கே நடக்கும் நிகழ்ச்சிக்குப் போவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு டஜன் செயல்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்நிபந்தனை, பலன், செலவு, கேட்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத விவரம் என்று நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை எழுத வேண்டும். பேச்சை எழுத்தாக்குவதையும் வாக்கிய வடிவம் காண்பதையும் இன்றைய மொழி மாதிரிகளிடம் விட்டுவிடலாம், தமிழும் பர்மியமும் கலந்து வந்தாலும் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். எந்தத் தடையை நீக்குவது என்ற முடிவை மட்டும் இந்த அட்டவணையிடம் வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்கும்போது சரியான கேள்விகளைக் கொடுத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. "தைப்பூசத்தன்னிக்குச் சாயந்தரம் மண்டபம் வாடகை எவ்வளவுங்க?" என்று கேளுங்கள், அன்றைக்கு மண்டபம் வாடகைக்கே விடப்படாத நாளாக இருக்கட்டும். தொகையைச் சொன்னால் காப்லன் காட்டிய பிழை இன்னும் உள்ளே இருக்கிறது. "அன்னிக்கு வாடகைக்கு இல்லைங்க" என்று மட்டும் சொன்னால் தடையைக் கண்டது, நீக்கவில்லை. எந்த நாள் காலியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும்வரை அட்டவணையின் நான்காவது பத்தியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.